உள்மூடி 392

பழைய விமானப்படைக் கைக்கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்தால் அது அசலா போலியா என்று ஏழு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதில் நாலு நிமிடம் கைகழுவித் துடைத்துக்கொள்வதிலேயே போய்விடும். பழம்பொருள் வியாபாரிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தி. கடிகாரத்தின் முதுகைத் திறக்க அவர் எடுக்கும் முனை மழுங்கிய சின்னக் கத்தியால் வந்த பெயர் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வியாபாரிகளைத் தனியாகக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

வேலை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. சாவியை இழுத்தால் விநாடி முள் அந்த இடத்திலேயே நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். விமானிகள் எல்லோரும் ஒரே விநாடியில் கடிகாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள அது வேண்டும். பிறகு முகப்பைப் பார்ப்பார். அந்தக் காலத்து ரேடியப் பூச்சு இப்போது ஒளிராது, ஆனாலும் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். முள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதன் அடியில் பழுப்பாக ஒரு நிழல் விழுந்திருக்கும். அந்த நிழலைப் போலி செய்கிறவர்கள் தேநீரைத் தொட்டு வரைவதுண்டு. கத்தி அதை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

போலி என்று சொல்லும்போதுதான் அவர் முகத்தில் களை வரும். ஒருமுறை ஒரு வயதானவர் தன் அப்பாவின் கடிகாரத்தைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். கத்தி அதைத் திருப்பிக் கொடுத்து, "உங்க அப்பா ஏமாந்தாரு. அப்பறம் நீங்க ஏமாந்தீங்க. பேரனையாவது விட்டுடுங்க," என்றார். வந்தவர் வாசல்படியில் தடுக்கி விழப் பார்த்தார். உள்ளறையிலிருந்து ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டது கத்தியின் மனைவிதான். கத்தி அதற்குள் மறுபடி கைகழுவப் போயிருந்தார்.

முப்பத்தொரு வருடத்தில் சொன்ன சொல்லை அவர் ஒரு தடவைகூடத் திரும்ப வாங்கியதில்லை. தப்பே செய்யாததால் என்று ஊரார் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார்.

புதிதாகத் திறக்கப்போகும் விமான அருங்காட்சியகத்தின் மேலாளர் ஒரு நாள் காலையில் ஒரு கடிகாரத்தோடு வந்தார். ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்பு மலையில் மோதி நொறுங்கிய விமானம் ஒன்றில் விமானியாக இருந்தவரின் கையிலேயே கிடைத்தது. விமானியின் பேரன் கொடுத்திருக்கிறார். நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நடுக்கண்ணாடிப் பெட்டியில் இதைத்தான் வைக்கப்போகிறார்கள், கீழே கத்தியின் கையெழுத்தோடு ஒரு அட்டை.

"ஒரு வரி போதும் சார். எல்லா எண்ணும் பொருந்துது, அசல்னு," என்றார் மேலாளர்.

"பொருந்தினா எழுதறேன்," என்றார் கத்தி.

மேலாளர் போன பிறகு திறந்தார். இந்த வகைக் கடிகாரத்துக்கு முதுகில் இரண்டு மூடி. வெளியே இருப்பது திருகு மூடி. அதில் விமானப்படை கொடுத்த எண் இருக்கும், பதிவேட்டைப் பார்த்தால் யார் கைக்குப் போனது என்று தெரிந்துவிடும். அதைக் கழற்றினால் உள்ளே இரும்பில் இன்னொரு மூடி. விமானத்துக் கருவிகளின் காந்தம் இயந்திரத்தைத் தொடாமல் அது காக்கும். செய்து அனுப்பியவர்கள் கூட்டின் உட்பக்கத்திலும் இந்த உள்மூடியிலும் ஒரே மூன்று இலக்க எண்ணை அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கத்தி அசல் என்பார்.

கூட்டில் 392 என்று இருந்தது. உள்மூடியில் 417.

கத்தி கண்ணிலிருந்த லென்சைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை. இந்த இரண்டு எண்ணையும் அவர் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தார், இடம் மாறி.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா அவரிடம் இதே போல ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். அதே விமானத்தில் வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டராகப் போனவர் அவருடைய அண்ணன். மலையில் நொறுங்கிய விமானத்தில் விமானியின் எலும்புகள் மட்டும் கிடைத்தன. பக்கத்து இருக்கை காலி. அன்று காலை அண்ணன் விமானத்தில் ஏறியதைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. படையிலிருந்து ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டார்கள். விமானத் தளத்து நினைவுச் சுவரில் விமானியின் பெயரைப் பொறித்தார்கள், அண்ணன் பெயரைப் பொறிக்கவில்லை.

பல வருடம் கழித்து அந்த மலைச்சரிவில் சாலை போட்ட தொழிலாளிகளுக்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு கடிகாரம் கிடைத்தது. வெளிமூடியில் இருந்த எண் அண்ணனுடையது. காவல் நிலையத்தார் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணன் தங்கையைப் பெற்ற அம்மாவுக்கு உயிர் திரும்பியது. அதை ஓட வைத்துத் தரச் சொல்லித் தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்தார். அவர் தன் வழக்கப்படி, யாருடைய கடிகாரம் என்று மறக்காமலிருக்க, உள்மூடியில் அம்மா பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் ஊசியால் கீறி வைத்தார். அதற்குப் பிறகு மகளும் அம்மாவும் சுவரில் பெயர் பொறிக்கக் கேட்டு விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள். கடிகாரம் அசல்தானா என்று நிபுணரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னது அலுவலகம்.

அப்போது கத்தி திறந்து பார்த்தது, கூட்டில் 417, உள்மூடியில் 392. ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மூன்று கடிகாரத்தின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய கலவை, தெருமுனை ஆட்களின் கை பட்டது, நம்பத்தகாதது என்று எழுதி, உள்மூடியைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார், நகல் ஒன்றை வீட்டுக்கும். மனு அத்தோடு செத்தது.

இப்போது மேசை மேல் கிடப்பது அந்தக் கலவையின் மறுபாதி. நடந்தது என்ன என்று கத்திக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் விமானத் தளத்துப் பணிமனை மெக்கானிக் ஒருவன் இரண்டு கடிகாரத்தையும் ஒரே தட்டில் திறந்து வைத்து எண்ணெய் போட்டிருக்கிறான். மூடும்போது கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த கூட்டில் அழுத்திவிட்டான். எண் பார்த்து மூட அவனுக்கென்ன அருங்காட்சியகமா? விமானியும் நேவிகேட்டரும் ஆளுக்கொன்றைக் கட்டிக்கொண்டு ஒரே விமானத்தில் ஏறியிருக்கிறார்கள். எண்கள் பொருந்தாததுதான் அண்ணன் கடிகாரம் அசல் என்பதற்குச் சாட்சி. இந்த இரண்டையும் இப்படியே, மூடி மாறியபடியே, அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அதைச் செய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் மனைவியும் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் கேட்டாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"எழுதலாம். நாளைக்கு நூறு பேர் வந்து வாசல்ல நிப்பான், என்னோடதும் தப்பா பாத்துட்டீங்களான்னு."

"தப்பா பாத்திருந்தா வந்து நிக்கட்டுமே."

"உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார் கத்தி. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் மனைவி வாதத்தில் ஜெயிக்கும்போதெல்லாம் அவர் சொல்லும் வாக்கியம் அது. "அதுவுமில்லாம, மூடி மாறின கடிகாரத்த நடுப்பெட்டில எப்படி வெப்பாங்க? ரெண்டு மூடியையும் மாத்திப் போட்டுட்டா ரெண்டும் சரியாயிடும். அவங்களுக்கும் வேலை ஆகும், இவங்களுக்கும் ஆகும். யாருக்கு நஷ்டம்?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

கத்தியே தையல்காரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எழுபது வயதாகியிருந்தது அவருக்கு. மறுநாளே வந்துவிட்டார். கடிகாரம் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு சுற்றி இருந்தது. விரலெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது.

"அப்ப இருந்த கருவியெல்லாம் அவ்வளவு சரியில்ல. இன்னொரு தடவ பாக்கணும்னு மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார் கத்தி, நாக்குக் கூசாமல்.

அந்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்களா கூப்பிடுவீங்கன்னு நான் நெனச்சே பாக்கல சார். நினைவுச் சுவர இப்ப புதுசா கட்டறாங்களாம். இந்த மாசக் கடைசியோட பேர் வாங்கறத நிறுத்திடுவாங்களாம். நானே மறுபடி ஒரு மனு போடலாமான்னு இருந்தேன். தைரியம் வரல."

"முன்னறையில உக்காருங்கம்மா. பத்து நிமிஷம்."

அவர் சொன்னது போலவே பத்து நிமிடம்தான் ஆனது. இரண்டு உள்மூடியையும் நெம்பி எடுத்தார். அண்ணனின் கூட்டில் 392ஆம் மூடி ஐம்பத்து நாலு வருடமாக அழுந்திக் கிடந்த இடத்தில் மெல்லிய துரு வளையம் ஒன்று இருந்தது. அந்த மூடி அங்கேதான் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அதை மரக்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்துச் சுத்தம் செய்தார். அழுக்கு அவருக்குப் பிடிக்காது. 417ஐ அங்கே அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

392ஐ விமானியின் கூட்டில் வைக்கப்போகும்போதுதான் அதிலிருந்த கீறலைக் கவனித்தார். அம்மாவின் எழுத்து, ஒரு தேதி. அருங்காட்சியகத்து நடுப்பெட்டிக்குள் தெருமுனைக் கிறுக்கலா? உப்புத்தாளின் மெல்லிய பக்கத்தை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தார். எழுத்து போய்விட்டது. எண் மட்டும் பளிச்சென்று நின்றது. செய்யும்போது அவருக்குக் கை நடுங்கியது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நடுங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அந்தம்மா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "ஜோடியா இருக்கே சார்," என்றார், மேசை மேலிருந்த இரண்டையும் பார்த்து. கத்தி ஒன்றின் மேல் துணியை இழுத்துப் போட்டார்.

"இந்தாங்க. எல்லா எண்ணும் பொருந்துது, அசல்னு எழுதிட்டேன். பழைய கடிதம் இருந்தா கிழிச்சிடுங்க."

"அது எப்பவோ போயிடுச்சு சார்," என்று சொல்லி, அந்தம்மா குனிந்து அவர் காலைத் தொடப் போனார். கத்தி வேண்டாம் என்று தடுத்தார். தடுத்தது பெருந்தன்மை என்று அவருக்கே தோன்றியதுதான் கொடுமை.

விமானியின் கடிகாரத்துக்கும் சான்று எழுதி அன்றே அனுப்பினார். எண் எதையும் குறிப்பிடாமல், எண்கள் பொருந்துகின்றன என்று மட்டும்.

அலுவலகத்துக்குப் போன பழைய கடிதத்தின் நினைவு அவருக்கு வராமல் இல்லை. சர்க்கார் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடக் காகிதத்தை எலிகூட விட்டு வைத்திருக்காது என்று சிரித்துக்கொண்டார். மாசக் கடைசி நாளில், பெயர்ப் பட்டியல் மூடும் நாளில், ஆவண அதிகாரி அவரையும் அந்தம்மாவையும் சேர்த்துக் கூப்பிட்டபோது, தன்னை முன்னால் வைத்து நன்றி சொல்லத்தான் போகிறார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு போனார்.

ஆவண அதிகாரி சின்ன வயதுக்காரர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ரகம். அவர் மேசையில் பழைய கோப்பு ஒன்று கட்டுப் பிரித்துக் கிடந்தது. எலி அந்தக் கோப்பை மட்டும் தொடவில்லை.

தையல்காரம்மா முந்திக்கொண்டார். "உள்ள தொறந்து பாருங்க அய்யா. எங்கம்மா பேரோட மொதல் எழுத்து இருக்கும். ரிப்பேர்காரர் கீறி வெச்சார். வேற யார் கடிகாரமும் இல்ல, இது எங்களோடதுன்னு அதுலயே தெரியும்."

அதிகாரி அலுவலக மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். உள்மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"எழுத்து இல்லையேம்மா."

"இருக்கும், நல்லா பாருங்க."

"பழைய படத்துல இருக்கு. எழுத்து இருக்கு, தேதி இருக்கு. எண் முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. இதுல நானூத்திப் பதினேழு." அதிகாரி கத்தியின் பக்கம் திரும்பினார். "சார், ரெண்டு கடிதமும் உங்களோடதுதான். அன்னிக்கு நீங்க பாத்த மூடி இது இல்ல. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. உங்ககிட்ட வரும்போது இது எப்படி இருந்துச்சு?"

நான்தான் மாற்றினேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் அண்ணன் பெயர் சுவரில் ஏறும், கத்தியின் பெயர் தெருவுக்கு வரும். எதை நிறுக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

அந்தம்மா மூடியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். தையல்காரம்மா தானே, பிரித்துத் தைத்ததைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இவர்தான் தொறந்தார் அய்யா," என்றார் மெதுவாக. "என்ன வெளிய உக்கார வெச்சுட்டுத் தொறந்தார். இதே மாதிரி இன்னொண்ணு இவர் மேசைல இருந்துச்சு. நான் பாத்தேன். துணி போட்டு மூடினார்."

அதிகாரி கத்தியைப் பார்த்தார். அவர் கை மேசை மேல், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது. விமானியின் கடிகாரம் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு அழைப்பு. உள்ளே என்ன எண் என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிடும்.

"என் மேசைல எப்பவும் பத்துக் கடிகாரம் கெடக்கும்," என்றார் கத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, இரக்கமாகச் சொன்னார், "இவங்க சொல்றத நான் பெருசா எடுத்துக்கல சார். பாவம், வயசாயிடுச்சு. ஐம்பது வருஷமா ஒண்ணையே நெனச்சுக்கிட்டு இருந்தா யாருக்குமே இப்படித்தான் ஆகும். யாரோ சொல்லிக் குடுத்து மூடிய மாத்தியிருப்பாங்க. நடவடிக்கைன்னு எதுவும் எடுக்காதீங்க, நான் கேட்டுக்கறேன்."

அதிகாரியின் முகம் இளகியது. கை தொலைபேசியைத் தாண்டி முத்திரைக் கட்டைக்குப் போனது. "உங்க பெரிய மனசு சார்," என்று சொல்லிக்கொண்டே கோப்பில் எழுதினார். சாட்சிப்பொருள் முறைகேடாக மாற்றப்பட்டுள்ளது. மனு தள்ளுபடி. மறுபடி திறக்கத் தேவையில்லை.

"அப்ப இனிமே யாரும் கேக்க முடியாதா?" என்றார் அந்தம்மா.

"முடியாதும்மா. போலி ஆவணம்னு ஆனதுக்கப்புறம் யார் கேட்டாலும் எடுக்க மாட்டாங்க. போய்ட்டு வாங்க."

நடைக்கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. அந்தம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். கத்தி அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்று வேகமாக நடந்தார்.

"சார், ஒரு நிமிஷம். சண்டைக்கு வரல."

கத்தி நின்றார்.

"அந்த இன்னொண்ணு விமானியோடதுதானே? அண்ணனோட மூடி அதுலதானே இருக்கு?"

கத்தி சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"உங்க பழைய கடிதத்த எங்கம்மாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். அவங்களுக்குக் கண் தெரியாது. பெரிய படிப்புப் படிச்சவர் சொல்லிட்டார், இது அண்ணன் கடிகாரம் இல்லைன்னு சொன்னேன். அவங்க நம்பல. தெனமும் அழுவாங்க. ஒரு நாள் எனக்குக் கோவம் வந்து, உன் மகன் உன்ன விட்டு ஓடித்தான் போனான், இனிமே அவனுக்காக அழாதேன்னு கத்திட்டேன். நானும் அப்படித்தான் நம்பினேன். இத்தன வருஷமும் நம்பினேன். நீங்க போன் பண்ணினப்பகூடப் பாதி மனசுதான்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. "அதுக்கப்புறம் அம்மா அழவே இல்ல சார். ஏழு மாசம் உயிரோட இருந்தாங்க. ஒரு தடவகூட அழல. அண்ணன் பேரச் சொல்லல."

கத்தி சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணன் ஓடலைன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். நீங்க பொய் சொன்னீங்க இல்ல, அதுலதான் தெரிஞ்சுது," என்றார் அந்தம்மா. மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். "இத நீங்களே வெச்சுக்குங்க. அம்மா எழுத்தும் இதுல இல்ல, அண்ணன் கையில இருந்த மூடியும் இல்ல. எனக்கு எதுக்கு?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கத்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தம்மாவுக்கு வேலை முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"முடிஞ்சுது."

"பேர் போடறாங்களா?"

கத்தி கைகழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கூட்டை மனைவி திறந்து வைத்திருந்தாள். கேட்க வேண்டியது எதுவும் இல்லாதது போல அவரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் மேசையில் உட்கார்ந்து, லென்சை மாட்டி, கத்தியை எடுத்துக் கடிகாரத்தைத் திறந்தார். கூட்டில் 417. மூடியில் 417. எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது.